சாமை மூட்டைகளில் ஓடிய பூச்சி

கிடங்கில் தரம் பார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். எலியைப் பற்றியும் வண்டைப் பற்றியும் முதல் வாரத்திலேயே யாராவது உங்களைப் பயமுறுத்தியிருப்பார்கள். அவர்கள் சொன்னதெல்லாம் உண்மைதான். நான் சொல்லப்போகிற பூச்சிக்கு அவ்வளவு பெயர் கிடையாது. ஓர் அரிசி நீளம்தான் இருக்கும். அழுக்குப் பழுப்பு நிறம். பழைய கிடங்கு எந்த நாட்டில் இருந்தாலும் அங்கே அதுவும் இருக்கும் என்று படித்திருக்கிறேன். இருந்தும் நம் பக்கத்தில் அதற்கென்று தனிப் பெயர் யாரும் வைக்கவில்லை. தானியத்தருகே பறக்கிற எல்லாவற்றையும் அந்துப்பூச்சி என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அப்படி ஒரே சொல்லில் முடித்துவிடுவதால் என்னவெல்லாம் ஆகும் என்பதை ஒரு மழைக்காலத்தில் பார்த்தேன்.

அப்போது பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு கிடங்குக்கு நான் பொறுப்பு. கிடங்கின் ஒரு பாதியில் ஒரு வியாபாரியின் புளி இருந்தது. இன்னொரு பாதியில், சுவரோரம், சித்தேரி மலையிலிருந்து வந்த சாமை மூட்டைகள். சாப்பாட்டுச் சாமை இல்லை, விதை. மலையில் சில பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, அறுவடை முடிந்ததும் ஆளுக்குக் கொஞ்சம் விதை எடுத்துக் கீழே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். மூட்டையின் வாயில் அவரவர் அடையாளத்துக்கு ஒரு நிற நூலில் தைத்திருந்தார்கள்.

குழுவின் தலைவி மாதம்மாள். நாற்பது வயதிருக்கும். குரல் கொஞ்சம் உயரம்; சாதாரணமாக நலம் விசாரித்தாலே சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும். மூட்டைகளை இறக்கிய அன்று, "மலையிலேயே வைத்திருக்கலாமே, ஏன் இவ்வளவு தூரம்?" என்று கேட்டேன்.

"வெத வூட்ல இருந்தா ஒரு நா சோறாயிருதுங்க மேடம்," என்றார். "பசங்க பசிக்குதுன்னு நின்னா எந்த பொம்பள வெதன்னு பாப்பா? அதான் கண்ணுக்கு எட்டாத எடமா பாத்தோம்."

மற்ற பெண்களுக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. கிடங்கு என்றால் அரசாங்கம் மாதிரி, உள்ளே போனது திரும்பாது என்று அவர்களுக்கு ஓர் எண்ணம். அவர்களுக்குத் தைரியம் வரட்டும் என்று மாதம்மாள் தன் மூட்டைகளை முதலில் கொண்டுவந்து இறக்கினார். முதலில் வந்ததால் அவை அட்டியின் அடிவரிசையில் போயின. மூட்டைகளை அடுக்கடுக்காக ஏற்றுவதைத்தான் அட்டி என்கிறோம். அடியில் இருப்பது கடைசியில்தான் வெளியே வரும்.

கோடையில் நல்ல இடிமழை பெய்தது. அதற்குச் சில வாரங்கள் கழித்து, ஒரு காலையில் புளி வியாபாரி தன் சரக்கைப் பார்க்க வந்தார். உள்ளே போனவர் போன வேகத்தில் வெளியே வந்தார்.

"மலைக்காரங்க மூட்டையெல்லாம் அந்து புடிச்சிப் போச்சுங்க. என் புளிக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாருங்க பொறுப்பு?"

பார்க்கிறேன் என்றேன். அவர் நான் பார்க்கும்வரை காத்திருக்கவில்லை. எங்கள் மண்டல மேலாளருக்கு அங்கேயே நின்று போன் போட்டார். நான் கிடங்குக்குள் போய் முதல் பூச்சியைப் பார்ப்பதற்குள் என் போன் அடித்தது.

மேலாளர் கெட்டவர் இல்லை. மாவட்டம் முழுவதும் கிடங்குகள், தினமும் ஏதாவது ஒன்றில் ஒரு கூச்சல். கூச்சல் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறதோ அவ்வளவு நல்லது என்று நினைக்கிறவர்.

"மருந்து வெச்சு மூடுங்க. இல்லைன்னா அந்த லாட்டை ரிஜெக்ட் பண்ணி வெளிய அனுப்புங்க. ரெண்டுல ஒண்ணு, சாயந்தரத்துக்குள்ள," என்றார்.

"என்ன பூச்சின்னு இன்னும் பார்க்கலைங்க சார்."

"அந்துப்பூச்சின்னு சொல்றாரே."

"அவர் புளி வியாபாரிங்க சார்."

"சரி, பாருங்க. பாத்துட்டு மருந்து வைங்க."

போனை வைத்துவிட்டு வாசலுக்குத் திரும்பினால் ஒரு மினி லாரி நிற்கிறது. மாதம்மாளும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் இறங்குகிறார்கள். மலையில் முந்தின நாள் நல்ல மழை. விதையை எடுத்துப்போக வந்திருக்கிறார்கள்.

உங்களுக்கும் இப்படி ஒரு காலை வரும். ஒரு பக்கம் கொல்லச் சொல்வார்கள், ஒரு பக்கம் கொடுக்கச் சொல்வார்கள். இரண்டு பேரும் இப்போதே என்பார்கள். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கும். நீங்கள் இன்னும் சரக்கைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அந்த நேரத்தில் நமக்கு முதலில் தோன்றுவது, யார் சத்தமாகப் பேசுகிறாரோ அவர் சொன்னதைச் செய்துவிடலாம் என்பதுதான். அன்றைக்கு என் நல்ல காலம், இரண்டு பக்கமும் ஒரே அளவு சத்தம்.

"கொஞ்சம் இருங்கம்மா, பார்த்துவிட்டு வருகிறேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். கிடங்கு உதவியாளர் முருகேசன் டார்ச்சுடன் கூட வந்தார்.

விதைக்கு அந்து என்பது சாதாரண விஷயம் இல்லை. நெல்லிலும் சோளத்திலும் வருகிற அந்து, மணிக்குள் புழுவாகப் புகுந்து, உள்ளிருப்பதைத் தின்றுவிட்டு, மேல்தோலை மட்டும் விட்டுவிட்டுப் பறந்துபோகும். வெளியே பார்த்தால் மணி முழுசாக இருக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. அதை விதைப்பதும் உமியை விதைப்பதும் ஒன்று. அதனால் மேலாளர் சொன்னதை நான் அலட்சியம் செய்யவில்லை.

அட்டி மேல் டார்ச் அடித்ததும் பூச்சிகள் கிளம்பின. கிளம்பியவை பறக்கவில்லை. கோணிச் சாக்கின் மேல் குடுகுடுவென்று ஓடி, மடிப்புக்குள் புகுந்துகொண்டன. அது எனக்கு உறுத்தியது. ஒன்றைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். தலையில், எழுந்தவுடன் வாராமல் வந்த மாதிரி, சிலிர்த்த முடி. நெல் அந்துக்கு அப்படி இருக்காது. சாக்கின் வெளிப்பக்கம் தூசியும் நூலும் ஒட்டிய சின்னச் சின்னக் கூடுகள் இருந்தன. ஒன்றைப் பிரித்தேன். உள்ளே ஒரு வெள்ளைப் புழு. அதைச் சுற்றிச் சாமை மணியே இல்லை. சாக்கு நாரில் படர்ந்திருந்த சாம்பல் பூசணம்தான் இருந்தது.

இன்னொன்றும் யோசித்தேன். சாமை மணி கடுகளவு. அதற்குள் ஒரு புழு குடியிருந்து வளர இடம் கிடையாது.

ஆக, இந்தப் பூச்சி விதையைத் தின்ன வரவில்லை. பூசணம் தின்ன வந்திருந்தது. முருகேசனிடம் சொன்னதும் அவர் முகம் தெளிந்துவிட்டது.

"அப்ப பிரச்சினை இல்லைங்களா மேடம்? குடுத்துரலாமுங்களா?"

அதைக் கேட்டதும்தான் எனக்கு அடுத்தது உறைத்தது. பூசணம் தின்கிற பூச்சி இவ்வளவு இருக்கிறது என்றால், அவ்வளவுக்கும் தின்னப் பூசணம் இருக்கிறது. பூசணம் இருந்தால் ஈரம் இருக்கிறது. மேல் மூட்டைகளில் கை வைத்தால் சருகு மாதிரிக் காய்ந்திருந்தது. அப்படியென்றால் ஈரம் அடியில்.

மருந்து வைத்திருந்தால் பூச்சி செத்திருக்கும், வியாபாரி அடங்கியிருப்பார், ஈரம் அப்படியே இருந்திருக்கும். கேட்டவுடன் கொடுத்திருந்தால் நல்ல விதையும் கெட்ட விதையும் ஒரே லாரியில் மலையேறியிருக்கும்.

மேலாளருக்குப் போன் செய்து, இன்று மருந்து வைக்கப் போவதில்லை என்றேன். பூச்சியைக் கொன்றுவிட்டால் ஈரம் எதுவரை போயிருக்கிறது என்று தெரியாமல் போய்விடும் என்றேன்.

"நான் ஈரத்தைப் பத்திக் கேக்கவே இல்லையேம்மா," என்றார்.

உத்தரவை மீறியதற்கு விளக்கம் கேட்டு எனக்குப் பின்னால் ஒரு கடிதம் வந்தது. பதில் எழுதினேன். அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நம் துறையில் பாராட்டு பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் வரும். பழகிக்கொள்ளுங்கள்.

வெளியே வந்து மாதம்மாளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"எது நல்லது எது கெட்டதுன்னு இப்ப எனக்குத் தெரியாதும்மா. முளைக்கப் போட்டுப் பார்க்கணும். நாலைந்து நாள் ஆகும்."

"நாலஞ்சு நாளா?" அவர் குரலுக்குத் தெருவில் போன பைக் ஒன்று வேகம் குறைந்தது. "மழ பெஞ்சிருச்சுங்க! இப்ப வுட்டா மண்ணு காஞ்சிரும். மறுபடி மழ எப்பன்னு நீங்க சொல்வீங்களா?"

"சொல்ல முடியாது."

"வெத நல்லா இருக்குதுன்னாச்சும் சொல்லுங்க. எடுத்துட்டுப் போறோம்."

"அதுவும் சொல்ல முடியாது."

"அப்பறம் எதுக்குங்க நீங்க இங்க உக்காந்திருக்கறீங்க?"

நியாயமான கேள்வி. முளைக்காத விதையை விதைத்துவிட்டால் மழையும் போகும், உழவும் போகும், காடும் ஒரு வருடம் சும்மா கிடக்கும் என்று மட்டும் சொன்னேன். கடை விதை தங்கள் காட்டுக்கு ஒத்துவராது என்பது அவர்கள் அனுபவம். இது போனால் அவர்களுடைய விதையே போய்விடும். மாதம்மாள் மற்றவர்களை மலைக்கு அனுப்பிவிட்டு, ஊரில் ஒரு உறவுக்காரர் வீட்டில் தங்கிக்கொள்வதாகச் சொன்னார். என்னை நம்பித் தங்கவில்லை. நான் என்ன செய்கிறேன் என்று பார்க்கத் தங்கினார்.

அன்றே லோடுமேன்களை வைத்து அட்டியைப் பிரித்தோம். மேல் வரிசைகள் நன்றாக இருந்தன. அடிவரிசையின் சுவர்ப்பக்க மூட்டைகளைப் புரட்டியபோது வாடை வந்தது. மூட்டைக்குக் கீழே போட்டிருந்த மரச்சட்டங்கள் கறுத்திருந்தன. கூரைத் தண்ணீரை இறக்கும் குழாய் வெளிச்சுவரில் இருந்தது. அதன் வாயில் புறா கூடு கட்டி அடைத்துவிட்டது. கோடை மழை முழுவதும் சுவரோரமே இறங்கி, அஸ்திவாரத்தில் ஊறி, தரை விரிசல் வழியாக உள்ளே கசிந்திருக்கிறது. தரை பார்ப்பதற்கு உலர்ந்துதான் இருந்தது. சட்டத்துக்கு அடியில் கைவிட்டால்தான் தெரிந்தது.

கறுத்த மூட்டைகளின் வாயில் மஞ்சள் நூல் தையல். மாதம்மாள் பக்கத்தில்தான் நின்றார். குனிந்து அந்தத் தையலை விரலால் தடவிப் பார்த்தார்.

ஒவ்வொரு வரிசையிலிருந்தும் மாதிரி எடுத்து, தனித்தனி ஈரத்துணியில் சுருட்டி, அலுவலக மேசையில் வைத்தோம். மாதம்மாள் காலையில் நான் வருவதற்கு முன்பே வந்து வாசற்படியில் உட்கார்ந்திருப்பார். கதவைத் திறந்ததும் நேராக மேசைக்குப் போவார். பிரித்துப் பார்க்காதீர்கள் என்று சொல்வேன். நான் தேநீர் வாங்க எழுந்ததும் பிரித்துப் பார்ப்பார். நடுவில் ஒருநாள் மலையிலிருந்து போன் வந்தது. அங்கே வெயில் அடிக்கிறதாம். அவர் போனை என் பக்கம் நீட்டி, "நீங்களே சொல்லிருங்க," என்றார். சொன்னேன். அந்தப் பக்கம் இருந்தவர் என்னைத் திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. விதை எல்லாம் நன்றாக முளைத்துவிட்டால், ஒரு மழையை வீணாக்கியவள் நான். முளைக்காவிட்டால், அந்த விதையைக் காப்பாற்றாத கிடங்கின் பொறுப்பாளர் நான். எப்படி வந்தாலும் எனக்கு ஒரு பங்கு இருந்தது.

துணிகளைப் பிரித்த காலையில் மேசையைச் சுற்றி நாங்கள் மூன்று பேர் மட்டும். மேல் வரிசை விதையில் வெள்ளை முளை நெருக்கமாக எழும்பியிருந்தது. நடுவரிசையும் அப்படியே. அடிவரிசையில் சுவரைத் தள்ளி இருந்தவையும் பழுதில்லை. கடைசித் துணியைப் பிரித்தோம். அங்கொன்றும் இங்கொன்றுமாக முளை. மற்றதெல்லாம் சாம்பல் பூத்துக் கிடந்தது.

"அது என்துங்க," என்றார் மாதம்மாள்.

"தெரியும்மா."

அவர் குரல் அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தணிந்து கேட்டது. "நாந்தான எல்லாரையும் இழுத்துட்டு வந்தேன்," என்று மட்டும் சொன்னார்.

முருகேசனுக்குத் தாங்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிடுவதாக நினைத்துக்கொண்டு அந்த அம்மாளுக்கும் கேட்கிற மாதிரியே பேசினார். "மேடம், நல்ல வெதையோட இதைக் கலந்துட்டா மொத்தத்துல பாஸ் ஆயிருங்க. யாருக்கும் தெரியாது. பாவம்ங்க."

மாதம்மாள் நிமிர்ந்தார். "கலந்தா மொளைக்காத எடம் யாரு காட்டுல வரும்?"

"எல்லாரு காட்டுலயும் கொஞ்சங் கொஞ்சம்," என்றார் முருகேசன்.

மாதம்மாள் யோசித்தார். உடனே வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக எழுதினால் நன்றாக இருக்கும். நடந்தது அப்படி இல்லை. நன்றாகவே யோசித்தார். துணியைப் பார்த்தார், அட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் சொன்னேன், "கலந்தால் பூசணமும் சேர்ந்து கலக்கும்மா. நல்லதும் கெட்டுப்போகும். நான் இருக்கும்போது கலக்க விடமாட்டேன். ஆனால் நஷ்டத்தைப் பங்கு போடணும்னா அதுக்கு வேற வழி இருக்கு. நல்ல விதையில் ஆளுக்குக் கொஞ்சம் கேட்கலாம்."

"கேக்க மாட்டேங்க," என்றார். "எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுக் கேக்கறது?"

மதியம் மினி லாரி மறுபடி வந்தது. பெண்கள் இறங்கியதும் நான் நடந்ததைச் சொன்னேன். குழாய் அடைத்தது, தண்ணீர் கசிந்தது, எங்கள் கிடங்கின் குறை, யாருடைய மூட்டை போனது, யாருடையது பிழைத்தது. யாரையும் எதையும் கேட்கவில்லை. கேட்பது என் வேலை இல்லை. மறைக்காமல் சொல்வது என் வேலை.

பிறகு சின்னபாப்பா முன்னால் வந்தார். அவர் மாதம்மாளுக்கு ஓரகத்தி, அதாவது கணவருடைய தம்பி மனைவி. இருவருக்கும் ஒரு வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லை என்பது எனக்குப் பிறகு தெரியவந்தது. அதனால் அவர் என்னைப் பார்த்தே பேசினார்.

"வூட்லயே வெச்சுக்கலாம்னு நான் அன்னிக்கே சொன்னனுங்க மேடம். யாரு கேட்டா?"

சொல்லிவிட்டு மாதம்மாள் பக்கம் கையை நீட்டினார்.

"நான் சொன்னது சரிதான்னு அவள சொல்லச் சொல்லுங்க. எல்லாரு முன்னாடியும்."

எல்லோரும் மாதம்மாளைப் பார்த்தார்கள். அவர் முந்தானையை இழுத்துச் செருகினார். தொண்டையைச் செருமினார். அந்த நாலைந்து நாளில் அவர் என்னிடம் பேசிய எல்லாவற்றையும்விட இது அவருக்குக் கஷ்டமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

"நீ சொன்னது சரி," என்றார். "போதுமா?"

"போதும்," என்றார் சின்னபாப்பா. தன் மூட்டையை இழுத்துத் தையலைப் பிரித்து, தரையில் ஒரு சாக்கை விரித்து, அதில் சாமையை அளந்து போட்டார். படியைக் குவித்து அளக்கவில்லை. தலை தட்டித்தான் அளந்தார். ஆனால் முதலில் அளந்தவர் அவர்தான். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராக மூட்டையைப் பிரித்தார்கள். ஒருவர் மட்டும் தன் காடு பெரிது, விதை தனக்கே போதாது என்று சொல்லிவிட்டார். யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. மாதம்மாளின் நிலத்துக்கு முழுதும் வராது, பாதிக்கு மேல் வரும் என்று அவர்களே பேசிக்கொண்டார்கள்.

நல்ல மூட்டைகளை ஏற்றிக்கொண்டு லாரி போயிற்று. சில நாளில் மலையில் மறுபடி மழை பெய்தது. அது என் திறமை இல்லை. பெய்யாமல் போயிருந்தால் இந்தக் கதையை நான் உங்களுக்கு வேறு மாதிரிச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். சரியான முடிவு எடுப்பதற்கும் அது நல்லபடியாக முடிவதற்கும் நடுவில் இப்படி ஒரு மழை தேவைப்படும். அதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

மாதம்மாள் லாரியில் போகவில்லை. கடைசிப் பேருந்தில் வருவதாகச் சொல்லிவிட்டார். கெட்ட மூட்டைகளை எரிப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போக வேண்டுமாம். நாங்கள் அதை வேறு யாருக்காவது விற்றுவிடுவோம் என்று அவருக்குச் சந்தேகம். அந்தச் சந்தேகத்தில் தப்பில்லை. உலகத்தில் அப்படியும் நடக்கிறது. கோழிக்காவது போடலாமே என்று முருகேசன் கேட்டார். பூசணம் பிடித்த தானியம் கோழிக்கும் ஆகாது என்றேன். கிடங்குக்குப் பின்னால் குழி வெட்டி, சாக்கோடு போட்டுக் கொளுத்தினோம். ஈரத்தில் சீக்கிரம் பற்றவில்லை. புகைதான் அதிகம் வந்தது. அவர் புகை படாத பக்கமாக நகர்ந்து நகர்ந்து நின்றார், ஆனால் கிளம்பவில்லை.

எல்லாம் அடங்கியபின் கேட்டார். "ஏங்க மேடம், அந்தப் பூச்சி மட்டும் வராம இருந்திருந்தா நீங்க அடி மூட்டையப் பாத்திருப்பீங்களா?"

சமாளிக்கப் பதில்கள் இருந்தன. மேல் மூட்டை காய்ந்திருந்தால் அடி மூட்டையைக் கொடுக்கும் அன்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை என்பதுதான் உண்மை.

"பார்த்திருக்க மாட்டேன்மா," என்றேன்.

"அப்பறம்?"

"கொடுத்து அனுப்பியிருப்பேன். நீங்களும் விதைத்திருப்பீங்க."

அவர் தலையாட்டினார். "பரவால்ல. அதக் கொல்லாம வுட்டீங்களே," என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்.

மறுவாரம் புளியும் வெளியே போய்க் கிடங்கு காலியானது. குழாயைச் சுத்தம் செய்தோம், விரிசலைப் பூசினோம், கதவை அடைத்து மருந்து வைத்து, ஒன்று விடாமல் எல்லாப் பூச்சியையும் கொன்றோம். அதை நான் மாதம்மாளிடம் சொல்லவில்லை.